போர் ஓய்ந்தும் ஆறாத விழுப்புண்

மேட்டுக்காட்டில் வழுக்கி விழுந்து கால் முறிந்த தொழிலாளியைக் கண்டால் நாம் யாவரும் இரங்குகிறோம். அவர் சுமந்து வந்த பால்வாளியை வாங்கிச் சுமக்கிறோம், மருத்துவமனைக்கு அனுப்புகிறோம், எலும்பு கூடும் வரை அவரை வேலைக்கு வருமாறு எவரும் வற்புறுத்துவதில்லை. ஆனால் உள்ளம் முறிந்த ஒருவர் நம்மிடையே நடமாடினால் அவருக்கு நாம் சூட்டும் பெயர்கள் வேறு. ‘முன்கோபி’ என்கிறோம், ‘குடிகாரர்’ என்கிறோம், ‘காற்றுச் சேட்டை’ என்கிறோம், சில வேளைகளில், ‘தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போக வேண்டியவர்’ என்று சொல்லி நகைக்கவும் செய்கிறோம்.

இத்தகைய உள்ள முறிவை உண்டாக்குவதில் போருக்கு நிகரானது பிறிதில்லை. போர்க்களத்திலிருந்து உயிரோடு மீண்டவரிடம் அது பல்லாண்டு தங்குகிறது. அவரோடு அவர்தம் மனைவியையும் மக்களையும் வருத்துகிறது. இக்கட்டுரையில், நம் பேராக் மாநிலத்துத் தோட்டங்களைப் போர் தொட்டுச் சென்ற வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்ந்து, போரினால் உள்ளத்தில் ஏற்படும் புண் எத்தகையது, அது குடும்பத்தை எவ்வாறு தாக்குகிறது, அதை ஆற்றும் வழிகள் யாவை என்பவற்றை விளக்க முற்படுகிறோம்.

தாப்பா வழியே சென்ற போர்

1941-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. ஒரு திங்களுக்குள் போர் பேராக் மாநிலத்தின் தென்பகுதிக்கு வந்துவிட்டது. தாப்பாவுக்கு வடக்கேயுள்ள கம்பாரில் டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை கடும்போர் நடைபெற்றது. பிரிட்டிஷ் வீரர்களும், பஞ்சாபியரும் கூர்க்கரும் அடங்கிய இந்தியப் படையினரும் அங்கு நின்று போரிட்டனர். பின்னர் அவர்கள் தாப்பா, பீடோர் வழியாகத் தெற்கே பின்வாங்கினர். ஜனவரி 7-ஆம் நாள் விடியுமுன் ஸ்லிம் ரிவர் பகுதியில் ஜப்பானிய டாங்கிகள் சாலை வழியே ஊடுருவிச் சில மணி நேரத்திற்குள் இரண்டு படைப்பிரிவுகளைச் சிதறடித்தன.

இத்தோல்விக்கு ஆயுதக் குறைவு ஒரு காரணம். மற்றொரு காரணத்தையும் போர் வரலாற்று ஆசிரியர்கள் எடுத்துக்காட்டுகின்றனர். வடக்கே கெடாவிலிருந்து ஒரு மாதமாக, போதிய உறக்கமின்றி, மழையில் நனைந்தவாறு, போரிட்டுக்கொண்டே பின்வாங்கி வந்த அவ்வீரர்கள் உடலும் உள்ளமும் ஓய்ந்துபோயிருந்தனர். எத்துணைத் துணிவுடையவராயினும் மனித உள்ளம் தாங்கும் சுமைக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைக் கடந்தவரைக் கோழையென்று இகழ்வது, பாரந்தாங்காமல் அறுந்த கயிற்றைக் குறை கூறுவதை ஒக்கும்.

தோட்டத்திலிருந்து போர்முனைக்கு

ஜப்பானியர் காலத்தில் ரப்பர் ஏற்றுமதி நின்றது. வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விட்டு அகன்றனர். வேலையும் கூலியும் இல்லை, அரிசி கிடைக்கவில்லை. மரவள்ளிக்கிழங்கே தோட்ட மக்களின் உணவாயிற்று. மலேரியாக் காய்ச்சலும் ஊட்டக்குறைவால் வந்த ஆறாப்புண்களும் லயங்களை வாட்டின.

இந்நிலையில் 1943 ஜூலை மாதம் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். இந்திய தேசிய இராணுவத்தில் சேருமாறு அவர் விடுத்த அழைப்பைக் கேட்டு, அதுவரை ‘கூலி’ என்றே விளிக்கப்பட்டு வந்த தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் முன்வந்தனர். விடுதலை வேட்கை பலரை ஈர்த்தது. பசியும், சயாமுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற அச்சமும் வேறு சிலரை உந்தின. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. கேப்டன் லட்சுமியின் தலைமையில் அமைந்த அப்படையில் தோட்டத்துப் பெண்கள் பலர் சேர்ந்தனர். கோலாலம்பூரின் ஜானகி தேவரும், ஈப்போவிலிருந்து சென்ற ராசம்மாவும் அப்படையின் புகழ்பெற்ற வீராங்கனைகள்.

1944-ஆம் ஆண்டில் இம்பால் போர் தோல்வியில் முடிந்தது. பின்வாங்கிய வீரர்களைப் பர்மாவின் பருவமழையும், பசியும், வயிற்றுக்கடுப்பும், மலேரியாவும் குண்டுகளைவிட மிகுதியாகக் கொன்றன. 1945 ஏப்ரலில் இரங்கூனை விட்டு வெளியேறிய ஜான்சி ராணிப் படைப் பெண்கள், வானூர்தித் தாக்குதலுக்கு அஞ்சிப் பகலில் மறைந்தும் இரவில் நடந்தும் சயாமை நோக்கி வந்தனர். தோழர்களை வழியிலேயே விட்டுவிட்டு நடக்க நேர்ந்தவர்களின் நினைவில் அக்காட்சிகள் எளிதில் அழியத்தக்கவை அல்ல.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. தலைவரின் மறைவுச் செய்தியும் அம்மாதமே வந்தது. தோட்டத்திற்குத் திரும்பிய வீரர் மீண்டும் உளியும் வாளியும் ஏந்தினார். அவர் பயின்ற பயிற்சிக்கும், பட்ட பாட்டுக்கும், கண்ட மரணங்களுக்கும் லயத்தில் எவரும் கணக்குக் கேட்கவில்லை. விடியற்காலைப் பெரட்டில் அவர் மீண்டும் ஒரு பெயராக மட்டுமே நின்றார்.

சயாமுக்குச் சென்றவர்கள்

சீருடை அணியாமலே போரின் முழுக்கொடுமையையும் அனுபவித்தவர் சயாம் மரண இரயில் தொழிலாளர். சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பட்டது. அப்பணியில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களுள் 12,000 பேருக்கு மேல் இறந்தனர். ஆசியத் தொழிலாளரின் தொகை ஏறத்தாழ 2 இலட்சம் என்றும், அவர்களுள் மாண்டவர் 90,000 அளவினர் என்றும் மதிப்பிடுவர். கணக்குகள் வேறுபட்டாலும், மலாயாவிலிருந்து சென்றவர்களுள் பெரும்பகுதியினர் நம் தோட்டத் தமிழர் என்பதில் ஐயமில்லை.

போர்க்கைதிகளுக்குப் படைப்பதிவேடு இருந்தது. உடன் மருத்துவர்கள் இருந்தனர். இறந்தவர்க்குக் காஞ்சனபுரியிலும் தன்பியூசயாட்டிலும் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. போருக்குப் பின் ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து, 1980-களில், சிட்னி நகர மருத்துவர்கள் ஜப்பானியரிடம் கைதிகளாயிருந்த ஆஸ்திரேலிய வீரர்களைப் பரிசோதித்தனர். சிறைப்படாத வீரர்களைக் காட்டிலும் அவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் மிகுந்திருப்பதைக் கண்டனர். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்களுக்கு அந்நிலையென்றால், பதிவேடும் மருத்துவரும் ஓய்வூதியமும் இன்றி லயத்திற்குத் திரும்பிய நம் தொழிலாளர் எத்தகைய சுமையோடு வாழ்ந்து மறைந்திருப்பர் என்பதை நாம் உய்த்துணரலாம்.

உள்ளம் புண்படுவது எவ்வாறு?

மனித உடலில் இயற்கை ஓர் அபாயமணியை அமைத்திருக்கிறது. காட்டில் பாம்பைக் கண்டதும் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு விரைகிறது, கால்கள் தாமாகவே பின்வாங்குகின்றன. பாம்பு அகன்றதும் சிறிது நேரத்தில் மணி அடங்குகிறது. நாம் வேலையைத் தொடர்கிறோம். சாவை நேரில் கண்டவருக்கும், பிறர் சாவதைக் கண்டும் உதவ இயலாமல் நின்றவருக்கும் அம்மணி சில வேளைகளில் அடங்குவதேயில்லை. ஆபத்து நீங்கிப் பல ஆண்டுகளாகியும், ‘ஆபத்து, ஆபத்து’ என்று அது ஒலித்துக்கொண்டே இருக்கிறது. மூளையில் நிகழும் இம்மாற்றம், அவர் தம் விருப்பத்தால் வரவழைத்துக்கொண்டதன்று. விருப்பத்தால் மட்டும் விலக்கக்கூடியதுமன்று.

இதை மருத்துவ உலகம் உணர்ந்துகொள்ள நெடுங்காலம் ஆயிற்று. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் நெஞ்சுப் படபடப்பால் வருந்திய வீரர்களின் நிலையை ‘வீரனின் இதயநோய்’ என்றனர். முதல் உலகப் போரில், 1915-ஆம் ஆண்டில், சார்லஸ் மையர்ஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர் இதைக் குண்டதிர்ச்சி என்னும் பெயரால் மருத்துவ ஏட்டில் எழுதினார். எனினும் அப்போரில் நடுங்கி நின்ற வீரர் பலர் கோழைகள் எனத் தூற்றப்பட்டனர். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் துன்பத்தைக் கண்ட பின்னரே, 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப்பட்டியலில் இதற்குத் தனி இடம் அளித்தது. அதாவது, கம்பாரிலும் இம்பாலிலும் சயாமிலும் புண்பட்டவர்கள் தம் நோய்க்கு ஒரு பெயர் கிடைக்க 35 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது.

தமிழில் இதற்கு ‘மனவடு’ என்னும் அழகிய சொல் வழங்குகிறது. 1983 முதல் 2009 வரை உள்நாட்டுப் போரால் அல்லற்பட்ட இலங்கையில், யாழ்ப்பாண மருத்துவர்கள் இச்சொல்லைப் பரப்பினர். அவர்களுள் ஒருவரான உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனிமனிதரோடு நிற்பதன்று, குடும்பத்தையும் ஊரையும் ஒருசேரத் தாக்குவது என்பதைத் தம் ஆய்வுகளால் நிறுவினார். தமிழ் மக்கள் இந்நோயோடு மருத்துவரிடம் வரும்போது ‘மனம் சரியில்லை’ என்று சொல்வது அரிது. தலைவலி, நெஞ்சடைப்பு, கைகால் விறைப்பு, உடல் எரிச்சல் என்றே கூறுவர். உள்ளம் வாய் திறவாதபோது உடல் அதன் சார்பில் முறையிடுகிறது.

அடையாளங்கள்

அஞ்சத்தக்க நிகழ்ச்சிக்குப் பின் சில நாட்கள் உறக்கம் கெடுவதும் அழுகை வருவதும் இயல்பே. கீழ்க்காணும் அடையாளங்கள் ஒரு மாதத்திற்கு மேலும் நீடித்து, வேலையையும் இல்வாழ்வையும் குலைக்குமாயின், மனவடு எனக் கருதி மருத்துவரை நாடுதல் வேண்டும்.

முதலாவது, நிகழ்ந்தது மீண்டும் நிகழ்வதுபோல் தோன்றுதல். தீக்கனவு கண்டு அலறி எழுதல், ஒரு மணத்தையோ ஓசையையோ கேட்டவுடன் பழைய இடத்திலேயே நிற்பதுபோல் உணர்தல் ஆகியவை இதன்பாற்படும்.

இரண்டாவது, ஒதுங்குதல். நடந்ததைப் பற்றிய பேச்சு எழுந்தால் எழுந்து போய்விடுதல், சில இடங்களையும் மனிதரையும் தவிர்த்தல்.

மூன்றாவது, உணர்வு மரத்துப்போதல். பெற்ற பிள்ளையின் திருமணத்திலும் மகிழ்ச்சி தோன்றாமை, ‘அவன் செத்தான், நான் ஏன் பிழைத்தேன்’ என்னும் குற்றவுணர்ச்சி, எவரையும் நம்பாமை.

நான்காவது, எந்நேரமும் காவலிருப்பதுபோன்ற விழிப்பு. சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல், கதவுக்கு முதுகு காட்டி அமராமை, எளிதில் சினங்கொள்ளுதல், உறக்கமின்மை.

இவை உடனே தோன்ற வேண்டும் என்பதில்லை. ஆறு திங்கள் கழித்தும், சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம். உழைக்கும் காலமெல்லாம் உழைப்பில் மறந்திருந்தவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் திண்ணையில் அமர்ந்த பின்னர் வருந்தத் தொடங்குவதும் உண்டு.

வீட்டுக்குள் புகும் போர்

வீரர் ஒருவர் வீடு திரும்பும்போது அவருடைய போரும் உடன் திரும்புகிறது. நள்ளிரவில் அவர் அலறினால் லயம் முழுவதும் விழித்துக்கொள்கிறது. மனைவி அவர் முகத்தைப் பார்த்தே பேசப் பழகுகிறாள். ‘அப்பா தூங்குகிறார், ஓசை செய்யாதே’ என்று குழந்தைகளை அடக்குகிறாள். தந்தையின் சினத்திற்குத் தாமே காரணம் என்று குழந்தைகள் எண்ணிக்கொள்கின்றனர். அன்பில்லாதவர் என்று பிள்ளைகள் கருதிய தந்தை, உண்மையில் அன்பைக் காட்டும் ஆற்றலைப் போர்க்களத்தில் இழந்துவிட்டவராக இருக்கலாம்.

உறக்கத்தைத் தேடி மதுவை நாடுவோர் பலர். கள்ளும் சம்சுவும் சில மணி நேரம் நினைவை மழுக்குவது உண்மையே. ஆனால் அவை ஆழ்ந்த உறக்கத்தைக் கெடுத்து, தீக்கனவைப் பெருக்கி, சினத்தைத் தூண்டுகின்றன. கூலியும் கரைகிறது; கையும் ஓங்குகிறது. மனவடு வறுமையாகவும் குடும்ப வன்முறையாகவும் உருமாறுவது இவ்வழியிலேதான். வன்முறைக்கு மனவடுவைச் சாக்காகக் கொள்ளுதல் கூடாது. அடி வாங்கும் மனைவி மக்களின் பாதுகாப்பே முதற்கடமை. அதன் பின்னரே அவருக்குச் சிகிச்சை.

அடுத்த தலைமுறையும் இதிலிருந்து தப்புவதில்லை. வியட்நாம் போருக்குச் சென்ற ஆஸ்திரேலிய வீரர்களின் பிள்ளைகளைப் பற்றி 2014-இல் வெளியான ஆய்வு, போருக்குச் செல்லாத வீரர்களின் பிள்ளைகளைவிட அவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் மிகுந்திருப்பதைக் காட்டியது. பிள்ளைகள் போரைக் காணவில்லை. போரைக் கண்ட தந்தையைக் கண்டனர்.

வராதவருக்காகக் காத்திருந்தவர்கள்

திரும்பி வந்தவரின் குடும்பத்திற்கு ஒரு துன்பம் என்றால், வராதவரின் குடும்பத்திற்கு வேறொரு துன்பம். சயாமுக்கும் பர்மாவுக்கும் சென்று மறைந்த பலரைப் பற்றி வீட்டுக்கு ஒரு வரிக் கடிதமும் வரவில்லை. இறந்த நாள் தெரியாது; புதைத்த இடம் தெரியாது. அந்நிலையில் மனைவி தாலியைக் கழற்றுவதா, வேண்டாமா? திதி கொடுப்பதா, காத்திருப்பதா? கழற்றினால் கணவனைத் தன் கையாலேயே கொன்றதுபோல் ஆகுமே என்று அஞ்சிய பெண்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் இதனை முடிவு தெரியாத இழப்பு என்று விளக்கினார். சாவு உறுதியானால் மனம் அழுது, சடங்கு முடித்து, மெல்லத் தேறும். உறுதியாகாதபோது அழவும் இயலாது, நம்பவும் இயலாது. ஆகவேதான் நீர்க்கடனும் நினைவுச் சடங்கும் வெறும் வழக்கங்கள் அல்ல. அவை உள்ளத்திற்கு மருந்து. இறந்த நாள் அறியாத முன்னோருக்கு ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் நீர்க்கடன் செய்யும் மரபு நம்மிடம் உண்டு. பாட்டனார் சயாமில் மறைந்த குடும்பத்தார் இன்றும் அதனைச் செய்யலாம். அவர் பெயரைச் சொல்லிப் பேரப்பிள்ளைகளையும் உடன் நிற்கச் செய்யலாம்.

பிற்காலத்து வீரர்களும் நம்மவரே

உலகப் போரோடு இக்கதை முடியவில்லை. 1948 ஜூன் மாதம் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது; 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. தோட்ட லயங்களும் முள்வேலிக்குள் அடங்கின. ஊரடங்குச் சட்டமும் உணவுக் கட்டுப்பாடும் அன்றாட வாழ்வாயின. மீண்டும் 1968-இல் தொடங்கிய ஆயுதக் கிளர்ச்சி 1989 டிசம்பர் 2-ஆம் நாள் ஹாட்யாய் அமைதி உடன்படிக்கையோடு ஓய்ந்தது. காங்கோ, சோமாலியா, போஸ்னியா முதலிய நாடுகளிலும் மலேசிய வீரர்கள் அமைதிப் பணியாற்றியுள்ளனர். காட்டில் கண்ணிவெடிக்கு நடுவே சுற்றுக்காவல் சென்றவர்கள் இன்று முதியவர்களாக நம்மிடையே வாழ்கின்றனர். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 31-ஆம் நாள் வீரர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அன்று நினைவுச்சின்னத்தில் மலர்வளையம் வைப்பது சிறப்பு. அடுத்த வீட்டில் உறங்காமல் விழித்திருக்கும் முன்னாள் வீரரின் நலம் கேட்பது அதனினும் சிறப்பு.

புண் ஆறும் வழி

மனவடு ஆறக்கூடியது. இதை யாவரும் அழுத்தமாக நினைவில் கொள்ள வேண்டும்.

முதன்மையான சிகிச்சை பேச்சுவழிச் சிகிச்சை. பயிற்சி பெற்ற மருத்துவரோ உளவியலாளரோ, அஞ்சிய நினைவை நோயாளி சிறிது சிறிதாக, பாதுகாப்பான சூழலில் எதிர்கொள்ளத் துணைபுரிவார். வாரம் ஒருமுறையாகச் சில மாதங்கள் செல்ல நேரிடும். தேவைப்பட்டால் மருந்தும் தரப்படும். அம்மருந்து பயனளிக்கச் சில வாரங்கள் ஆகும். ஆதலின் நான்கு நாளில் குணம் தெரியவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. தாமாகவே தூக்க மாத்திரை வாங்கி உண்பதும் தவறு.

மலேசியக் குடிமக்கள் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் 1 ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைக் காணலாம். தாப்பா வட்டாரத்தார் அருகிலுள்ள சுகாதார நிலையத்திலோ தாப்பா மருத்துவமனையிலோ முதலில் காட்டினால், தேவைக்கேற்ப மனநல மருத்துவரிடம் அனுப்பி வைப்பர். தஞ்சோங் ரம்புத்தானில் 1911-இல் நிறுவப்பட்ட மனநல மருத்துவமனைக்கு ‘பஹாகியா’, அதாவது ‘மகிழ்ச்சி’, என்று பின்னர் பெயர் சூட்டப்பட்டது. அப்பெயரை வசைச்சொல்லாக்கியது நம் அறியாமை. கால் முறிந்தவரை மருத்துவமனைக்கு அனுப்ப நாணாத நாம், உள்ளம் முறிந்தவரை அனுப்ப நாணுவது முறையன்று.

கோயிலுக்குச் செல்வதும் நேர்த்திக்கடன் செலுத்துவதும் பலருக்கு ஆறுதல் தருகின்றன. அவற்றை விட வேண்டியதில்லை. பூசாரியிடம் செல்பவர் மருத்துவரிடமும் செல்லட்டும். ஒன்று மற்றொன்றுக்குப் பகையன்று.

மருந்துக்கு அடுத்த பெருந்துணை மனித உறவே. துன்பத்திற்குப் பின் உற்றார் ஆதரவு பெற்றவர்கள் தேறுவதும், தனித்து விடப்பட்டவர்கள் நோயுறுவதும் ஆய்வுகள் பலவும் கண்ட உண்மை. நம் வரலாறும் இதை எண்ணிப் பார்க்கத் தூண்டுகிறது. போர் முடிந்து திரும்பிய ஜானகி தேவர் 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியபோது அதன் தொடக்கப் பணிகளில் பங்கு கொண்டார். ராசம்மா ஆசிரியையாகி, பெண் ஆசிரியர்களின் சம ஊதியத்திற்காகப் போராடினார். கெடாவின் பீடோங் வட்டாரத்தில் 1946, 1947-ஆம் ஆண்டுகளில் எழுந்த தொண்டர் படை, தேசிய இராணுவம் ஊட்டிய ஒழுங்கையும் தன்மானத்தையும் கள்ளுக்கடை மறியலுக்குப் பயன்படுத்தியது. தம்மைப்போல் துன்புற்ற தோழரும், பொருள்பொதிந்த ஒரு பணியும் வாய்த்தவர்க்குச் சுமையைத் தாங்க ஓர் ஊன்றுகோல் கிடைக்கிறது. லயத்தின் ஒரு மூலையில் பேசுவார் இன்றி அமர்ந்தவர்க்கு அது கிடைப்பதில்லை.

குடும்பத்தார் செய்யத்தக்கவை

1. தீக்கனவில் அலறுபவரைத் தொட்டு உலுக்காதீர்கள். பகைவன் என்றெண்ணி அவர் தாக்கக்கூடும். விளக்கை ஏற்றி, சற்று விலகி நின்று, பெயர் சொல்லி அழையுங்கள். ‘வீட்டில் இருக்கிறீர்கள், ஒன்றுமில்லை’ என்று அமைதியாகக் கூறுங்கள்.

2. நடந்ததைச் சொல்லுமாறு வற்புறுத்த வேண்டா. அவராகச் சொல்லத் தொடங்கினால் இடைமறியாது கேளுங்கள். ‘பழையதை மறந்துவிடுங்கள்’ என்னும் சொல் எளிது. அவரால் இயலாதது அது ஒன்றே.

3. தீபாவளிப் பட்டாசும் திருவிழா அதிர்வேட்டும் அவரைத் துன்புறுத்தலாம். வெடிக்குமுன் தெரிவியுங்கள், விரும்பினால் சற்று அப்பால் அழைத்துச் செல்லுங்கள்.

4. குழந்தைகளிடம் மறைக்காதீர்கள். ‘தாத்தா போரில் மிகத் துன்பப்பட்டார், அந்த நினைவு வரும்போது சினம் வருகிறது, அது உன் குற்றமன்று’ என்று அவர்கள் வயதிற்கேற்பச் சொல்லுங்கள்.

5. ‘நான் இருந்து என்ன பயன்’ என்று அவர் கூறினால் வெறும் பேச்சென்று விட்டுவிடாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. களைக்கொல்லியையும் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள். அவரைத் தனியே விடாது உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ தொலைபேசிச் சேவையை 15555 என்னும் எண்ணிலும், வீட்டில் அடிதடி இருப்பின் ‘காசே’ சேவையை 15999 என்னும் எண்ணிலும் அழைக்கலாம்.

6. பராமரிப்பவரும் மனிதரே. இரவெல்லாம் விழித்துவிட்டு விடியலில் மரம் வெட்டச் செல்லும் மனைவிக்கு ஓய்வு தேவை. உற்றாரும் அண்டை வீட்டாரும் முறைவைத்து உதவுதல் நன்று.

நம் கடமை

போரில் வீழ்ந்தவர்க்கு நடுகல் நட்டுப் பெயரும் பீடும் எழுதிப் போற்றிய மரபு நம்முடையது. முகத்திலும் மார்பிலும் பட்ட புண்ணை ‘விழுப்புண்’ என்று பெருமையோடு அழைத்தனர் நம் முன்னோர். மறைக்க வேண்டிய வடுவாக அதனை அவர்கள் எண்ணவில்லை. உள்ளத்தில் பட்ட புண்ணும் போர்முனையில் பட்டதே. ஆதலின் அதுவும் விழுப்புண்ணே. அதைச் சுமப்பவரைப் பைத்தியம் என்று இகழும் வாய், அந்த முன்னோரின் மொழியைப் பேசும் தகுதியை இழக்கிறது.

போர் முடிந்து 80 ஆண்டுகள் கடந்துவிட்டன. தாப்பாவைச் சூழ்ந்திருந்த ரப்பர்க் காடுகள் பல செம்பனைத் தோட்டங்களாக மாறிவிட்டன. இம்பாலிலிருந்தும் சயாமிலிருந்தும் மீண்டவர்களுள் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலர். அவர்களுடைய மக்களே இப்போது முதுமை எய்திவிட்டனர். அம்முதியோரிடம் அமர்ந்து, தந்தையார் பெயர் என்ன, எந்தத் தோட்டத்திலிருந்து சென்றார், எப்போது திரும்பினார், திரும்பிய பின் எவ்வாறு இருந்தார் என்று கேட்டு எழுதி வைப்போமாக. எண்பது ஆண்டுகளாக எவரும் கேளாத கேள்விகள் அவை. கேட்கும்போது சில வீடுகளில் கண்ணீர் வரும். ‘என் அப்பா கெட்டவரல்லர், நோயுற்றிருந்தார்’ என்னும் தெளிவும் அதனோடு வரும்.

விபத்து, வெள்ளம், வன்முறை, திடீர் மரணம் ஆகியவற்றைக் கண்டவர்க்கும் இதே மனவடு ஏற்படலாம். ஆகவே இக்கட்டுரையில் கூறியவை முன்னாள் வீரர்களின் இல்லங்களுக்கு மட்டும் உரியவை அல்ல. நம் லயத்தில், நம் வரிசையில், நம்மோடு மரம் வெட்டும் ஒருவர் உறக்கமின்றி வாடுகிறாரா என்று இன்றே கவனிப்போம். அவரை மருத்துவரிடம் செல்லச் சொல்வதோடு நில்லாமல், ஒரு நாள் நாமும் உடன் செல்வோம்.